எல்லையோர இருமொழி வாசகர்களிடம் ஸ்ட்ரூப் சோதனை நடத்தும் முறை

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்காவில், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கம், வீட்டில் தமிழும் தாலுக்கா ஆபீசில் மலையாளமும் பேசுகிறவர்கள் நிறைய. (ஆந்திரச் சித்தூர் வேறு. அதற்குச் செய்யவேண்டிய மாற்றங்களைக் கீழே தனியாகச் சொல்கிறோம்.) இப்படிப்பட்டவர்களுக்கு எந்த எழுத்தைப் பார்த்தால் படிக்காமல் இருக்க முடிவதில்லை? மூளையைப் படம் பிடிக்கும் எந்திரம் இல்லாமலே இதை அளக்கலாம். ஒரு லேப்டாப், கம்பி வைத்த ஒரு கீபோர்டு, சத்தமில்லாத ஓர் அறை, கணினியில் வேலை செய்யத் தெரிந்த ஒரு முதுகலை மாணவர் போதும்.

1935-இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்ற அமெரிக்க உளவியலாளர் செய்தது எளிய வேலை. நூறு வண்ணச் சதுரங்களின் நிறத்தைச் சொல்ல மாணவர்களுக்குச் சராசரியாக 63 நொடி பிடித்தது. சதுரத்துக்குப் பதில் வேறு நிறங்களின் பெயர்களை அதே வண்ண மைகளில் அச்சிட்டுக் கொடுத்து, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னபோது 110 நொடி ஆனது. சொல்லைப் படிக்க வேண்டியதில்லை என்று தெரிந்தும் கண் படித்துவிடுகிறது. படித்தது குறுக்கே நிற்கிறது. அந்தக் குறுக்கீட்டைத்தான் நாம் அளக்கிறோம், மில்லி நொடியில். இரண்டு நிலைகளின் நேரத்தைக் கழித்து மனச்செயலுக்கு ஆகும் நேரத்தைக் கண்டுபிடிக்கும் வழி அதைவிடப் பழையது. 1868-இல் டச்சுக்காரர் டாண்டர்ஸ் தொடங்கியது.

கழித்தல் எப்போதும் ஒரே ஆளுக்குள் நடக்கவேண்டும். ஒருவரின் தமிழ்ச் சுற்றை (தமிழ்ச் சொற்களைக் காட்டி நடத்துவது) அவருடைய மலையாளச் சுற்றோடு ஒப்பிடுங்கள். 'இருமொழிக்காரர்' ஒரு குழு, 'ஒருமொழிக்காரர்' ஒரு குழு என்று பிரித்து ஒப்பிடும் திட்டத்தை எல்லையோரத்தில் எடுக்கவே வேண்டாம். இங்கே சுத்தமான ஒருமொழிக்காரர் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் படிப்பு, வயது, வருமானம் எல்லாம் சேர்ந்து மாறியிருக்கும். எது காரணம் என்று பிரிக்க முடியாது.

ஆள் எடுப்பது

இந்த ஆய்வு பெரும்பாலும் கெடுவது இங்கேதான். 'தாய்மொழி தமிழ்' என்று படிவத்தில் டிக் அடித்தவரைத் தமிழ் வாசகராக எடுத்துக்கொள்வார்கள். ஸ்ட்ரூப் விளைவு பேச்சிலிருந்து வருவதில்லை, வாசிப்புப் பழக்கத்திலிருந்து வருகிறது. வீட்டில் முழுக்கத் தமிழ் பேசி, மலையாளவழிப் பள்ளியில் படித்து, தமிழை எழுத்துக்கூட்டி மட்டும் படிக்கிறவர்கள் இந்தப் பக்கம் சகஜம். தமிழ்வழியில் படித்துவிட்டு, விண்ணப்பம் நிரப்பியும் பஸ் போர்டு பார்த்தும் மலையாள எழுத்தைக் கற்றவர்களும் உண்டு. இவர்களை ஒரே கூடையில் போட்டால் சராசரி எதையும் சொல்லாது.

ஆகவே ஒவ்வொருவரிடமும் நான்கு விஷயம் கேளுங்கள்: எந்த எழுத்தை எந்த வயதில் படிக்கத் தொடங்கினார், எந்த வழியில் எத்தனை வகுப்பு படித்தார், இப்போது ஒரு நாளில் எதை எவ்வளவு நேரம் படிக்கிறார் (போனில் படிப்பதும் சேர்த்து), போனில் தட்டெழுதுவது எந்த எழுத்தில். கடைசிக் கேள்வி முக்கியம். இரண்டு மொழியையும் ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் பலர். அவர்களுக்கு இரண்டு எழுத்துமே துருப்பிடித்திருக்கலாம். ஆயத்தக் கேள்வித்தாள் வேண்டுமென்றால் 2007-இல் வெளிவந்த லீப்-க்யூ இருக்கிறது. அதை அப்படியே மொழிபெயர்க்காமல், பேசுவதையும் படிப்பதையும் தனித்தனியாகக் கேட்கும்படி திருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வித்தாளை மட்டும் நம்பக் கூடாது. ஆறாம் வகுப்புப் பாடப்புத்தக அளவில் நூறு தனிச்சொற்களை ஒரு தாளில் அச்சடித்து, ஒரு நிமிடத்தில் எத்தனை சரியாகப் படிக்கிறார் என்று எண்ணுங்கள். தமிழுக்கு ஒரு தாள், மலையாளத்துக்கு ஒரு தாள். ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும் இந்த வேலை, பின்னால் கணக்குப் போடும்போது கேள்வித்தாளை விட அதிகம் உதவும்.

பதினெட்டு வயது நிரம்பியவர்களையே எடுங்கள். பள்ளி மாணவர்கள்தான் வேண்டுமென்றால் பெற்றோரின் ஒப்புதலும் பிள்ளையின் சம்மதமும் தேவை. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வந்த பிறகுதான் முதல் ஆளை உட்கார வைக்கலாம். ஒப்புதல் படிவம் இரு மொழியிலும் இருக்கட்டும், அவர் சரளமாகப் படிக்கும் மொழியில் கையெழுத்து வாங்குங்கள்.

நிறக்குருட்டைப் பார்க்காமல் விடாதீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறியாதவர்கள் ஆண்களில் நூற்றுக்குச் சிலர் இருப்பார்கள். பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. இஷிஹாரா தட்டுகளை (வண்ணப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் படங்கள்) அச்சுப் புத்தகத்தில், பகல் வெளிச்சத்தில் காட்டவேண்டும். போன் திரையில் காட்டினால் நிறம் மாறிப்போகும், சோதனைக்கு அர்த்தம் இருக்காது.

எத்தனை பேர்? ஸ்ட்ரூப் விளைவு இருக்கிறதா என்று பார்க்க மட்டுமானால் இருபது பேரே அதிகம். ஏறக்குறைய எல்லோரிடமும் அது தெரியும். ஆனால் கேள்வி அதுவல்ல. தமிழில் வரும் குறுக்கீட்டுக்கும் மலையாளத்தில் வரும் குறுக்கீட்டுக்கும் உள்ள வித்தியாசம் சிறியது. அந்த வித்தியாசம் அதன் திட்டவிலகலில் பாதி அளவு இருக்கும் என்று எதிர்பார்த்தால் 34 பேர், 0.4 பங்கு என்றால் 52 பேர், 0.3 பங்கு என்றால் 90 பேர் வேண்டும் (80 சதவீதத் திறன், அதாவது வித்தியாசம் உண்மையில் இருந்தால் அதைப் பிடிக்கும் வாய்ப்பு; 5 சதவீதப் பிழை வரம்பு, இருபக்கச் சோதனை). 52-ஐக் குறியாக வைத்து 60 பேரை அழையுங்கள். சிலர் கழிவார்கள்.

சொற்கள்

தமிழில் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள். மலையாளத்தில் சுவப்பு, பச்ச, நீல, மஞ்ஞ. நான்குமே உறவுச் சொற்கள், ஒலியில் ஒட்டிப் பிறந்தவை. இதில் ஒரு வசதியும் ஒரு வில்லங்கமும் உண்டு. பொருளிலும் பழக்கத்திலும் இரு பட்டியலும் இயல்பாகவே ஒத்துவருவது வசதி. மலையாள எழுத்தைப் பார்த்தவர் உள்ளுக்குள் தமிழ்ச் சொல்லையே உச்சரித்திருக்கலாம் என்பது வில்லங்கம். அதனால் 'மலையாள எழுத்தைப் படிப்பது எவ்வளவு தானாக நடக்கிறது' என்று மட்டும் முடிவு எழுதலாம். 'மலையாளப் பொருள் மூளையில் எவ்வளவு விரைவாக எழுகிறது' என்று எழுத இந்தச் சோதனை இடம் தராது. மலையாளத்தில் மஞ்ஞதான் நிறம். ஈற்றில் ள் சேர்த்தால் சமையல் மஞ்சளாகிவிடும். சொற்பட்டியலை மலையாளம் படித்த ஒருவரிடம் காட்டிவிட்டு அச்சேற்றுங்கள்.

நடுநிலைச் சொற்கள் நான்கு வேண்டும். எந்த நிறத்தையும் நினைவூட்டக் கூடாது. இரத்தம், வானம், இலை, மிளகாய் எல்லாம் போயிற்று. 'நிலம்' பார்வைக்கு 'நீலம்' மாதிரியே இருக்கும், அதுவும் கூடாது. தமிழில் கதவு, நாற்காலி, கணக்கு, வழி. மலையாளத்தில் வாதில், கசேர, கணக்கு, வழி என்று வைக்கலாம். இதிலும் பாதி உறவுச் சொற்களாக இருப்பது நல்லதே.

ஆந்திர எல்லையில், நகரி, புத்தூர், சித்தூர் பக்கம், இதே சோதனையைத் தெலுங்கில் செய்வதானால் பட்டியலை மாற்றவேண்டும். சிவப்புக்கு எருபு, மஞ்சளுக்குப் பசுபு. இவை உறவுச் சொல் போலத் தோன்றாது. நீலம் அப்படியே. பச்சைக்கு ஆகுபச்ச என்று முழுதாகப் போடுங்கள். வெறும் 'பச்ச' தெலுங்கில் மஞ்சளையும் குறிக்கும், அதைப் போட்டால் எது ஒத்தது (சொல்லும் மையும் ஒரே நிறம்), எது முரண் (இரண்டும் வேறு நிறம்) என்பதே குழம்பிவிடும். ஆகுபச்ச நீளமான சொல் என்பதால் தமிழ்ப் பட்டியலோடு நீளம் பொருந்தாது. ஆய்வுரையில் அதைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

சொல்லைப் படமாக்குவது

இலவச மென்பொருளான சைக்கோபை இந்த வேலைக்குப் போதும். ஓப்பன்செசமியும் சரியே. எதுவானாலும் தமிழ்ச் சொல்லை நேராக எழுத்துப் பெட்டியில் ஒட்டாதீர்கள். நம் எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கத் தெரியாத மென்பொருளில் 'பச்சை'யின் ஐகாரக் குறி சகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'பு' பிரிந்து தொங்கும். மலையாளத்தில் கூட்டெழுத்து உடைந்து சந்திரக்கலை (நம் மெய்ப்புள்ளி போன்ற குறி) தனியே தெரியும். உங்கள் கணினியில் சரியாக இருந்து, கல்லூரிக் கணினியில் உடைவதும் நடக்கும். உடைந்த எழுத்தைக் கண் தானாகப் படிக்காது, விளைவு சுருங்கிவிடும். காரணம் தெரியாமல் அதற்கு ஒரு கோட்பாடே எழுதிவிடுவீர்கள்.

ஆகவே ஒவ்வொரு சொல்லையும் ஒவ்வொரு நிறத்திலும் பிஎன்ஜி படமாக ஏற்றுமதி செய்யுங்கள். நோட்டோ சான்ஸ் எழுத்துருக் குடும்பத்தில் தமிழும் மலையாளமும் ஒரே பாணியில் கிடைக்கின்றன. எழுத்தின் புள்ளி அளவைச் சமமாக வைப்பதால் பயனில்லை, திரையில் தெரியும் உயரம் சமமாக இருக்கவேண்டும். திரையில் ஸ்கேலை வைத்து அளந்து, எழுத்தின் உடல் உயரம் சுமார் 1.6 சென்டிமீட்டர் வரும்படி செய்யுங்கள். 60 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் அது ஒன்றரை பாகைக் கோணம். ஒரு மொழிக்கு எட்டுச் சொல், நான்கு நிறம், 32 படம். இரண்டு மொழிக்கு 64.

பின்னணி வெள்ளையாக இருந்தால் மஞ்சள் மறையும், கறுப்பாக இருந்தால் நீலம் மங்கும். அடர்சாம்பலை வைத்து, நீலத்தைச் சற்று வெளிறச் செய்யுங்கள். தொடங்குவதற்கு இந்த ஆர்ஜிபி எண்கள் உதவும்: பின்னணி 60, 60, 60, சிவப்பு 230, 40, 40, பச்சை 0, 180, 60, நீலம் 70, 130, 255, மஞ்சள் 240, 220, 0. உங்கள் திரையில் நான்கும் ஒரே அளவு எளிதாகத் தெரிகிறதா என்று நான்கைந்து பேரிடம் பார்த்துத் திருத்துங்கள்.

எத்தனை டிரயல், எந்த வரிசையில்

ஒரு சொல்லைக் காட்டி ஒரு பதில் வாங்குவது ஒரு டிரயல். ஒரு சுற்றில் 64 டிரயல். நான்கு நிறச்சொற்களில் ஒவ்வொன்றும் நான்கு நிறத்திலும் மும்மூன்று முறை வந்தால் 48. இதில் 12 ஒத்தவை, 36 முரண்பட்டவை. நடுநிலைச் சொல் நான்கு, நிறம் நான்கு, தலா ஒரு முறை, ஆக 16. ஒத்ததும் முரணும் சரிபாதியாக இருந்தால்தான் அழகு என்று தோன்றும். அப்படி வைத்தால் 'சிவப்பு' என்ற சொல் பாதி நேரம் சிவப்பு மையிலேயே வரும். சொல்லைப் பார்த்து விடையை ஊகிப்பது இலாபம் என்று பங்கேற்பாளரின் கை கற்றுக்கொள்ளும். வாசிப்பின் குறுக்கீடும் இந்த ஊகமும் பின்னால் பிரிக்க முடியாமல் கலந்துவிடும்.

ஆளுக்கு நான்கு சுற்று: பாதிப் பேருக்குத் தமிழ், மலையாளம், மலையாளம், தமிழ், மீதிப் பேருக்கு மலையாளம், தமிழ், தமிழ், மலையாளம். போகப்போக வரும் பழக்கமும் களைப்பும் இப்படி இரு மொழிக்கும் சமமாகப் பங்கிடப்படும். ஒரே மை நிறம் தொடர்ந்து மூன்று முறை வரக் கூடாது. முந்தைய டிரயலில் புறக்கணித்த சொல்லே அடுத்த டிரயலின் மை நிறமாக வந்தால் பதில் தாமதமாகும். அப்படிப்பட்ட இணைகளை வரிசையிலிருந்து நீக்குங்கள்.

ஒவ்வொரு டிரயலும் கூட்டல் குறியோடு தொடங்கும். அது 400, 500, 600 மில்லி நொடி என்று மாறி மாறி நிற்கட்டும். ஒரே அளவாக இருந்தால் கை தாளம் பிடித்துவிடும். பிறகு சொல், பதில் வரும்வரை அல்லது 2000 மில்லி நொடிவரை. பிறகு 800 மில்லி நொடி வெற்றுத் திரை. ஒரு சுற்று இரண்டரை நிமிடத்துக்குள் முடியும்.

பதிலை வாயால் சொல்ல வைத்தால் விளைவு பெரிதாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் இங்கே 'பச்ச' என்று ஒருவர் சொன்னால் அது பேச்சுத் தமிழா, மலையாளமா? தெரியாது. மைக் வேறு ஒரு தொல்லை: 'சி'யின் மெல்லிய உரசலைத் தாமதமாகப் பிடிக்கும், 'ப' வெடித்து வந்தால் வேறு கணத்தில் பிடிக்கும். விசைதான் நல்லது. டி, எஃப், ஜே, கே விசைகளில் வண்ண ஸ்டிக்கர் ஒட்டி, இரு கையின் நடுவிரலும் ஆள்காட்டி விரலும் வைக்கச் சொல்லுங்கள். எந்த விசைக்கு எந்த நிறம் என்பது ஆளுக்கு ஆள் மாறலாம். ஒரே ஆளுக்கு மொழி மாறும்போது மாறக் கூடாது. முதலில் சொல் இல்லாத வண்ணச் சதுரங்களில் 40 முறை பயிற்சி. நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வரும்வரை விடாதீர்கள். கீபோர்டைக் குனிந்து பார்ப்பது அதற்குள் நின்றுவிடும்.

கணினியும் அறையும்

60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி நொடிக்கு ஒரு முறைதான் மாறும். அப்படி ஒரு மாற்றம் ஒரு ஃபிரேம். நேரங்களை ஃபிரேம் எண்ணிக்கையில் கொடுங்கள்: 400-க்கு 24, 500-க்கு 30, 600-க்கு 36. சாதாரண யூஎஸ்பி கீபோர்டு பல மில்லி நொடி தாமதிக்கும். அந்தத் தாமதம் எல்லா டிரயலுக்கும் பொது என்பதால் கழித்தலில் பெரும்பாலும் அடிபட்டுவிடும். எல்லா ஆட்களுக்கும் அதே கீபோர்டை வைத்திருங்கள். ப்ளூடூத் கீபோர்டு வேண்டாம். அதன் தாமதம் டிரயலுக்கு டிரயல் அலையும்.

லேப்டாப்பில் நைட் லைட், தானியங்கி ஒளிர்வு, அறிவிப்புகள், அப்டேட், வைஃபை எல்லாவற்றையும் அணையுங்கள். கரன்ட் போனால் பேட்டரிக்கு மாறும்போது ஒளிர்வும் செயலியின் வேகமும் குறைந்து, பாதிச் சுற்றிலிருந்து ஃபிரேம் தவறத் தொடங்கும். பவர் அமைப்பை இரு நிலைக்கும் 'உச்சத் திறன்' என்று வைத்துவிடுவதே வழி. தவறிய ஃபிரேம்களைச் சைக்கோபை பதிவுக்கோப்பில் எழுதி வைக்கும். ஒவ்வொரு ஆள் முடிந்ததும் அதைத் திறந்து பாருங்கள்.

ஜன்னல் திரைக்கு எதிரேயும் இருக்கக் கூடாது, ஆளுக்கு எதிரேயும் கூடாது. பக்கவாட்டில் இருக்கட்டும். சோதனை நடத்துகிறவர் எந்த மொழியில் பேசி உட்கார வைக்கிறார் என்பதும் விளைவை அசைக்கும். 'வாங்க' என்று அழைத்துவிட்டு மலையாளச் சுற்றைத் தொடங்கினால் தமிழ் ஏற்கெனவே விழித்திருக்கும். அந்தந்தச் சுற்றின் விளக்கத்தை அந்தந்த மொழியில் முன்கூட்டிப் பதிவு செய்து ஹெட்போனில் கேட்க விடுங்கள்.

முதல் வாரமே ஒரு சரிபார்ப்பு செய்யுங்கள். மலையாள எழுத்தே தெரியாத ஐந்தாறு பேரைப் பொள்ளாச்சிப் பக்கமிருந்து கூட்டி வந்து முழுச் சோதனையும் நடத்துங்கள். அவர்களுடைய மலையாளச் சுற்றில் ஒத்ததற்கும் முரணுக்கும் வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கவேண்டும். இருபது முப்பது மில்லி நொடி ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றால் கோளாறு உங்கள் படங்களிலோ கோப்புப் பெயர்களிலோ இருக்கிறது. பெரும்பாலும் ஒரு நிறத்தின் படம் தவறான பெயரில் சேமிக்கப்பட்டிருக்கும்.

கணக்கு

எந்த டிரயலை, எந்த ஆளை நீக்குவது என்ற விதிகளை முதல் ஆள் வருவதற்கு முன்பே எழுதி, தேதி போட்டு வையுங்கள். தவறான பதில்களை நேரக் கணக்கில் சேர்க்காதீர்கள், ஆனால் பிழை விகிதத்தைத் தனியாகத் தெரிவியுங்கள். தவறுக்கு அடுத்த டிரயலையும் விடுங்கள். தவறு செய்தவர் அடுத்ததில் தயங்குவார். 200 மில்லி நொடிக்குக் குறைவானது பார்த்து அழுத்தியதாக இருக்க முடியாது. மொத்தத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே சரியாகச் செய்தவரை நீக்கலாம்.

சராசரிக்குப் பதில் இடைநிலை எண்ணை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) எடுத்தால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். துலங்கல் நேரம் (பதிலுக்கு ஆகும் நேரம்) வலப்பக்கம் வால் நீண்ட பரவல். அதில் டிரயல் குறைந்தால் இடைநிலை மேல்நோக்கிச் சாயும். நம்மிடம் ஒரு மொழிக்கு 72 முரணும் 24 ஒத்ததும் இருப்பதால் அந்தச் சாய்வு இரண்டுக்கும் சமமாக இராது. மேலே சொன்னபடி களைந்த பிறகு சராசரியே எடுங்கள். ஆர் மென்பொருள் தெரிந்தால், ஆளையும் சொல்லையும் சேர்த்துக் கணக்கில் கொள்ளும் கலப்பு மாதிரி இன்னும் நல்லது.

கணக்கு இப்படிப் போகும். ஒருவருக்குத் தமிழில் ஒத்தது 690, முரண் 760 என்றால் குறுக்கீடு 70. மலையாளத்தில் 700, 742 என்றால் 42. அவருடைய மதிப்பு 28. இப்படி 52 பேருடைய மதிப்புகளின் சராசரி பூஜ்யத்திலிருந்து விலகுகிறதா என்று இணை டி-சோதனை. அதற்குப் பிறகு இந்த மதிப்பை, இரு எழுத்திலும் நிமிடத்துக்குப் படித்த சொற்களின் வித்தியாசத்தோடு வரைபடத்தில் போட்டுப் பார்க்கலாம். இங்கே ஒரு எச்சரிக்கை. 2018-இல் ஹெட்ஜ், பவல், சம்னர் மூவரும் காட்டியபடி, ஸ்ட்ரூப் போல எல்லோரிடமும் உறுதியாகத் தெரியும் விளைவுகள் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தை அளப்பதில் பலவீனமானவை. வித்தியாசத்தின் வித்தியாசம் இன்னும் பலவீனம். ஆகவே அந்த வரைபடத்தைக் குறிப்பாகச் சேர்க்கலாம், தலைப்பாக வைக்கக் கூடாது. யாருடைய மதிப்பெண்ணையும் அவர் புத்திசாலித்தனத்தின் அளவாக அவரிடமோ ஆசிரியரிடமோ சொல்லவே கூடாது.

கோப்பைத் திறக்கும்போது எக்செல் தமிழையும் மலையாளத்தையும் புரியாத குறிகளாகக் காட்டினால் பதற வேண்டாம். லிப்ரே ஆபீசில் யூடிஎஃப்-8 என்று தேர்ந்து திறந்தால் சரியாகும். தொடக்கத்திலேயே ஒவ்வொரு படத்துக்கும் மொழி, சொல், நிறம் மூன்றையும் எண் குறியீடாகக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே வராது.

இஇஜி சேர்ப்பதானால்

விசை அழுத்தல் மொத்த நேரத்தை மட்டும் சொல்லும். குறுக்கீடு எந்தக் கணத்தில் எழுகிறது என்று பார்க்க இஇஜி (தலையில் மின்முனைகள் வைத்து மூளையின் மின் அலைகளைப் பதிவது) வேண்டும். முரண்பட்ட சொல் தோன்றிச் சுமார் 450 மில்லி நொடியில் தலையின் நடுப்பகுதியில் ஓர் எதிர்மறை அலை வரும். மூளையின் இரத்த ஓட்டத்தைப் படம் பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ இதற்குப் பயன்படாது. இரத்த ஓட்ட மாற்றம் உச்சத்தை எட்டவே ஐந்தாறு நொடி ஆகிவிடும்.

இந்தப் பக்கம் இஇஜிக்கு முதல் எதிரி தேங்காய் எண்ணெய். எண்ணெய்த் தலையில் மின்முனையின் மின்தடை இறங்கவே இறங்காது. கூடுதல் ஜெல் வைத்தால் பக்கத்து முனைகளோடு கலந்து இரண்டும் ஒரே அலையைக் காட்டும். முந்தின இரவும் அன்று காலையும் ஷாம்பு போட்டுக் குளித்து, எண்ணெய் தொடாமல், கண்டிஷனரும் இல்லாமல், முடியை நன்றாகக் காயவைத்து வரச் சொல்லுங்கள். ஒப்புதல் வாங்கும்போதே இதைச் சொல்லி, முதல் நாள் மாலை ஒரு முறை நினைவூட்டுங்கள். இறுக்கப் பின்னிய சடையைத் தளர்த்தித் தாழக் கட்டவேண்டும், பூ வேண்டாம். தடை 10 கிலோ ஓமுக்குக் கீழே, முடிந்தால் 5-க்குக் கீழே வரட்டும். லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டுங்கள், சார்ஜரையும் டியூப்லைட்டையும் விலக்கினால் கரன்டிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் குறையும். ஃபேனை நிறுத்தினால் வியர்வை. வியர்த்தால் அலை முழுக்க மெதுவாக மேலும் கீழும் மிதக்கும். ஏசி இல்லாத அறையென்றால் மார்ச் முதல் மே வரை இஇஜி எடுக்காமல், காலை எட்டு மணிக்குள் முடியும்படி வேறு மாதத்துக்குத் தள்ளிவையுங்கள்.